புதுப்பிப்பு: கீசரின் இடம் முடிவாகிவிட்டது

மாடிக் குளியலறைக்கும் சேர்த்துக் கீழே ஒரே கீசர் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதாது. இடையில் 12 மீட்டர் குழாய். முக்கால் அங்குலக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ கால் லிட்டர் பிடிக்கும். வெந்நீர் வருமுன் 3 லிட்டர் வீண்! லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற எனக்கு மனம் ஒப்பவில்லை.

எனவே தலா 15 லிட்டரில் இரண்டு. ஏஏசி கல் (காற்றுக்குமிழிகள் நிறைந்த இலகு கான்கிரீட் கல்) சுவர் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்ற கவலையால், கான்கிரீட் தூணிலேயே கொத்தனார் சுண்ணக்கட்டியால் குறியிட்டுவிட்டார். பொய்க்கூரைக்குள் மறைக்கும் யோசனையையும் கைவிட்டோம். உப்பு படிந்த சூடேற்றும் கம்பியைக் கீழிருந்துதான் கழற்ற வேண்டும், கை நுழைய இடம் வேண்டாமா? பூச்சுக்கு முன்பே 16 ஆம்பியர் இணைப்புக்கான தனிக் கம்பியும் இழுத்தாயிற்று.