தேர் இழுக்கிறவனுக்குச் சம்பளம் உண்டா? டாலிலின் ரயிலும் நம் ஊட்டி ரயிலும்

வண்டிப்பைத்தியம்:
போன மாதம் வேல்ஸ் பக்கம் போயிருந்தேன். கடலோரத்தில் டவின் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து டாலிலின் ரயில்வே என்ற குட்டி ரயில் ஏழேகால் மைல் தூரம் மலைக்குள் போகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டே கால் அடிதான் இடைவெளி, நம் மீட்டர் கேஜே இதற்கு முன்னால் அகலப்பாதை மாதிரி தெரியும். டிக்கெட் கொடுத்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார், கார்டு வார நாட்களில் ஏதோ அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர், கரி அள்ளிப் போட்ட பெண் கல்லூரி மாணவி. மூன்று பேருக்கும் சம்பளம் கிடையாது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. நாம் சின்ன வயதில் எழுதினோமே சிலேட்டு, அந்தக் கல்லை அங்கே வீட்டுக் கூரைக்குப் போடுவார்கள். பிரின் எக்லூயிஸ் என்ற குவாரியிலிருந்து அதை இறக்க 1865-இல் போட்ட பாதை இது. 1911-இல் ஹேடன் ஜோன்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் குவாரியையும் ரயிலையும் சேர்த்து வாங்கினார். 1946 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் குவாரி சரிந்தது, அத்தோடு மூடிவிட்டார்கள். 1948-இல் பிரிட்டனின் ரயில்களை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டபோது இந்தப் பாதை பட்டியலிலேயே இல்லை. மனிதர் தான் கண்ணை மூடும்வரை வண்டி ஓடும் என்று சொல்லி, நஷ்டத்திலேயே ஓட்டி, 1950 ஜூலையில் இறந்துபோனார். அந்த அக்டோபரில் ரோல்ட் என்ற பொறியாளரும் நண்பர்களும் பர்மிங்காமில் கூட்டம் போட்டுச் சங்கம் தொடங்கினார்கள். 1951 மே 14 அன்று வண்டி மறுபடி கிளம்பியது. உலகில் தன்னார்வலர்கள் கையில் எடுத்துக் காப்பாற்றிய முதல் ரயில் இதுதான்.

பெட்டியில் ஒரு பக்கம் மட்டும்தான் கதவு திறக்கும். ஏன் என்று கேட்டேன். பாலங்களைக் குறுகலாகக் கட்டிவிட்டார்களாம், 1866-இல் சோதிக்க வந்த அரசு அதிகாரி பெட்டிக்கும் பாலச் சுவருக்கும் நடுவே இடம் போதவில்லை என்று சொல்லிவிட்டார். பாலத்தை இடித்துக் கட்டக் காசு ஏது? ஒரு பக்கக் கதவுகளை நிரந்தரமாக அடைத்து, பாலங்களுக்கு அடியில் தண்டவாளத்தைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்திவிட்டார்கள். இன்றைக்கும் அப்படியேதான் ஓடுகிறது!

என் கேள்வி இதுதான். நம் நீலகிரி மலை ரயிலுக்கு இப்படி ஒரு கூட்டம் ஏன் இல்லை?

பொன்மலை ஃபிட்டர்:
தம்பி, படிக்க நன்றாக இருந்தது. ஆனால் கடைசி வரியில் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டீர்கள்.

திருச்சி பொன்மலை ரயில் பணிமனையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான், ஊட்டி ரயிலை ஏற்றுகிற எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜினில் கை வைத்தவன். நாலு சிலிண்டர், இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு, பாதை நடுவே உள்ள பல் தண்டவாளத்தைப் பிடித்து ஏறுகிற பல்சக்கரத்துக்கு. கல்லாறு தாண்டினால் பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏற்றம். மேலே போகும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும், ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக்ஸ்மேன் நின்று விசில் கேட்டுக் கை பிரேக் பிடிப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற ஆளிடம் அந்தப் பிரேக்கைக் கொடுப்பீர்களா? உங்கள் பிள்ளையை அந்தப் பெட்டியில் உட்கார வைப்பீர்களா?

இன்னொன்று. ஒருவன் ஆசைக்கு இலவசமாகக் கரி அள்ளினால், அந்த ஊரில் கரி அள்ளிப் பிழைக்க வேண்டிய பையனுக்கு வேலை இல்லை என்று அர்த்தம். நாங்கள் கொடி பிடித்து வாங்கிய எட்டு மணி நேரமும் பஞ்சப்படியும் ஓய்வூதியமும் இந்த "ஆர்வம்" என்ற ஒற்றைச் சொல்லில் கரைந்துவிடும். எங்கே ஆள் குறைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு நீங்களே வழி சொல்லிக் கொடுக்காதீர்கள்.

கேங்மேன் பேத்தி:
ஐயா, வணக்கம். என் தாத்தா விழுப்புரம் பக்கம் கேங்மேன், தண்டவாளம் பராமரிக்கிற தொழிலாளி. அதனால் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நானே இங்கே இங்கிலாந்தில் ஒரு சின்ன ரயிலில் (பெயர் வேண்டாம்) மாதம் இரண்டு சனிக்கிழமை பாதை வேலைக்குப் போகிறேன், எனவே எதிர்க்கட்சியில்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

டாலிலின் விஷயத்தில் 1950-இல் யாருடைய வேலையையும் யாரும் பிடுங்கவில்லை. குவாரி போய்விட்டது, முதலாளி செத்துவிட்டார், அடுத்தது பழைய இரும்புக் கடைதான். ரோல்ட் ஆட்கள் வந்தபோது ஓடக்கூடிய நிலையில் இருந்தது டோல்கோக் என்ற ஒரே ஒரு இன்ஜின், 1866-இல் செய்தது. தண்டவாளம் புல்லுக்குள் புதைந்து கிடந்தது, கட்டைகள் உளுத்துப்போய், அந்தப் புல் வேர்தான் இரண்டு தண்டவாளத்தையும் பிடித்து வைத்திருந்தது என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். பக்கத்தில் காரிஸ் என்று இன்னொரு ரயில், அதே இரண்டே கால் அடி, 1948-இல் மூடியது. அதன் இரண்டு இன்ஜின்களை ஒன்று 25 பிரிட்டிஷ் பவுண்டு என்று வாங்கி வந்தார்கள். இன்றைக்கு அதே டாலிலினில் சம்பளத்துக்கும் ஆள் இருக்கிறார்கள், பென்ட்ரே பணிமனையில் உங்களைப் போன்ற ஃபிட்டர்கள் உட்பட. தன்னார்வலர்கள் வராமல் இருந்திருந்தால் அந்த வேலைகளும் இருந்திருக்காது.

அப்புறம், "ஞாயிற்றுக்கிழமை ஆள்" என்பது. நான் சேர்ந்த புதிதில் ஜனவரி மழையில் ஸ்லீப்பர் கட்டை மாற்றினோம். ஜல்லியைத் தோண்டி, பழைய கட்டையைப் பக்கவாட்டில் உருவி (கையோடு பிய்ந்து வரும், ஈரக் கேக் மாதிரி), புதுக்கட்டையை நுழைத்து, இறுக்கி, அடியில் ஜல்லி அடைக்க வேண்டும். அவசரத்தில் கேஜ் கம்பி (தண்டவாள இடைவெளியை அளக்கிற கம்பி) வைத்து அளக்காமல் நாலு கட்டையை இறுக்கிவிட்டேன். எங்கள் மேஸ்திரிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவர் வந்து கம்பியை வைத்துப் பார்த்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை, நாலையும் கழற்று என்றார். இருட்டும்வரை கழற்றினேன். இங்கே கரி அள்ளுவதற்கு முன்னால் எண்ணெய்த் துணியோடு இன்ஜின் துடைக்கவே மாதக்கணக்கில் விடுவார்கள், ஓட்டுநர் ஆக வருடக்கணக்கு. பாய்லரை வெளியாள் வந்து சோதிப்பார், அரசின் ரயில் பாதுகாப்பு ஆணையம் மேலே இருக்கிறது. சம்பளம் இல்லை என்பதற்காக விதி இல்லை என்று ஆகாது ஐயா.

ஒன்று கேட்கிறேன். நம் ஊரில் தேர் இழுக்க வடம் பிடிக்கிறவர்கள் யாராவது கூலி வாங்குகிறார்களா?

கணக்குப்புலி:
எல்லோரும் உருகுகிறீர்கள், நான் ஒருவன் கணக்கு பார்க்கிறேன்.

முதலில் கரி. வேல்ஸில் கடைசியாக இருந்த பெரிய திறந்தவெளிச் சுரங்கம் 2023 நவம்பரில் மூடியாகிவிட்டது. 2024 செப்டம்பர் 30-ஓடு பிரிட்டனில் கரியில் மின்சாரம் எடுப்பதே நின்றுபோனது. இந்தப் பொம்மை ரயில்கள் மட்டும் கடல் கடந்து கரி வரவழைத்துப் புகை விடுகின்றன. பூமி சூடாகிறது என்று ஊருக்கு உபதேசம் செய்கிற நாடு!

இரண்டாவது, எது பாரம்பரியம்? டாலிலினின் முதல் இன்ஜின், பெயரும் டாலிலின்தான், 1864-இல் செய்தது என்று பலகையில் போட்டிருக்கும். 1950-களில் கழற்றி எடுத்துப்போய்ப் புது பாய்லரோடுதான் கொண்டுவந்தார்கள். அதற்கு அப்புறமும் எத்தனை உறுப்பு மாறியிருக்கும்? மிச்சம் இருப்பது பெயர்ப்பலகை.

மூன்றாவது, குவாரியில் தூசு தின்று நுரையீரல் போய்ச் செத்தவனின் ரயில் அது. அதில் இன்று ஐஸ்கிரீமோடு உட்கார்ந்து படம் பிடிக்கிறோம். 2021-இல் யுனெஸ்கோ வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பைப் பட்டியலில் சேர்த்தபோது இந்த ரயிலும் உள்ளே போனது. சேர்த்தது யாருக்காக, சுற்றுலாக்காரனுக்காகவா தொழிலாளிக்காகவா?

வண்டிப்பைத்தியம்:
புலியாரே, மூன்றாவது கேள்வி நல்ல கேள்வி, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அந்த ரயில் ஓடாமல் இருந்திருந்தால் அந்தக் குவாரித் தொழிலாளியின் பெயரை நீங்களும் நானும் தமிழில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க மாட்டோம். பாதை முடிகிற இடத்துக்கு மேலே மரங்களுக்குள் குவாரிக்குப் போன சரிவு அப்படியே தெரிகிறது. நான் ஏறிப் பார்த்தேன், மூச்சு வாங்கியது. அந்த இடம் வரை பயணிகள் வண்டியே 1976-இல்தான் போனது, அதுவும் தன்னார்வலர்கள் நீட்டிய பாதை.

உறுப்பு மாற்றுவது பற்றி: திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்ததுதானே. அதனால் அது ஆழித்தேர் இல்லை என்று திருவாரூரில் போய்ச் சொல்லிப் பாருங்கள், நான் தூரத்தில் நின்று பார்க்கிறேன்.

பொன்மலை ஃபிட்டர்:
தேர் என்று சொல்லிவிட்டீர்கள் அல்லவா, இப்போது கேளுங்கள்.

வடம் பிடிக்க ஊரே வரும், கூலி இல்லை, சரி. ஆனால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறானே, அவனைப் பார்த்திருக்கிறாயா பேத்தி? தேர் திரும்பும்போது சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு, சரியான நொடியில், சரியான கோணத்தில் கட்டையைச் சொருக வேண்டும். அரை நொடி தப்பினால் கை போகும், இல்லை தேர் வீட்டுக்குள் போகும். அந்த இடத்தில் வடம் பிடிக்க வந்த கூட்டத்திலிருந்து ஒருவனைக் கூப்பிட்டு "நீ போடு" என்று யாரும் சொல்வதில்லை. நான் பேசுவது முட்டுக்கட்டைக்காரனைப் பற்றி. அவனுக்குப் படி அளக்க வேண்டும், அவன் பிள்ளைக்குத் தொழில் சொல்லிக் கொடுக்க நேரம் கொடுக்க வேண்டும்.

அந்த எழுபது வயது மேஸ்திரி நாலு கட்டையையும் கழற்றச் சொன்னார் பார், அது சரி. அந்த மனுஷனை எனக்குப் பிடித்திருக்கிறது. சர்வீஸில் சம்பளம் வாங்கிக் கற்றவராகத்தான் இருப்பார், விசாரித்துப் பார்.

கேங்மேன் பேத்தி:
விசாரித்தேன். நாற்பது வருடம் பிரிட்டிஷ் ரயிலில் பாதை வேலை பார்த்தவராம். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

ஆனால் ஐயா, அவர் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு தன் தொழிலைச் சொல்லிக் கொடுக்க அவருக்கு ஒரு இடம் கிடைத்தது. உங்களுக்குக் கிடைத்ததா?

குன்னூர்க்காரன்:
நான் ரயில் பார்த்தே வளர்ந்தவன், என் இரண்டு பைசா. நீலகிரி ரயில் செத்துப்போன ரயில் இல்லை. 1899-இல் குன்னூர் வரை, 1908-இல் ஊட்டி வரை வந்தது, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலுக்குப் போனது, இன்றும் அரசுதான் ஓட்டுகிறது. தூக்கி நிறுத்த அங்கே யாரும் தேவையில்லை, அதனால் டாலிலினை அப்படியே கொண்டுவந்து வைக்க முடியாது. எங்கள் பிரச்சினை வேறு. ஒவ்வொரு வடகிழக்குப் பருவத்திலும் மண் சரிந்து பாதையில் விழும், வண்டி நாள் கணக்கில் நிற்கும். சீசனில் உள்ளூர்க்காரனுக்கு டிக்கெட் கிடைக்காது. காட்டுக்குள் ஜன்னல் வழியாகச் சிப்ஸ் பாக்கெட் எறிவார்கள், யானை நடக்கிற இடம் அது.

டார்ஜிலிங் ரயிலுக்கு பிரிட்டனில் 1997 முதல் ஒரு ஆர்வலர் சங்கம் இருக்கிறது. அவர்கள் இன்ஜின் ஓட்டுவதில்லை, பக்கத்துணையாக நிற்கிறார்கள். நமக்கு ஆக வேண்டியது அந்த வகைதான். குப்பை பொறுக்க, ஸ்டேஷன் தோட்டம் பார்க்க, பழைய பிரேக்ஸ்மேன்களை உட்கார வைத்து அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய. இதற்கு லைசன்ஸ் எதுவும் வேண்டாம். (டிக்கெட் விஷயத்துக்கு எந்தச் சங்கமும் உதவாது, அது தெரியும்.)

கணக்குப்புலி:
குப்பை பொறுக்குவதை ஏற்கிறேன். கரிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வண்டிப்பைத்தியம்:
ஒரு வண்டி ஒரு நாளில் எரிக்கிற கரி, அதில் ஏற நாம் எல்லோரும் காரில் வந்த பெட்ரோலைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான், அடிக்க வராதீர்கள்.

பொன்மலை ஃபிட்டர்:
பேத்தி, நீ கேட்டதற்கு. இல்லை, கிடைக்கவில்லை. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள், சுவீட் பாக்ஸ் கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்துவிட்டேன். என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். பொன்மலையில் புதிதாக எக்ஸ் கிளாஸ் இன்ஜினே கட்டினார்கள், அதனால் பணிமனைக்குள் தொழில் இருக்கிறது, அழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் கையில் இருந்ததை எல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை.

உதாரணம் சொல்கிறேன். இன்ஜினில் கரி எரிகிற ஃபயர்பாக்ஸைச் சுற்றி நூற்றுக்கணக்கில் ஸ்டே இருக்கும், உள்தகட்டையும் வெளித்தகட்டையும் பிடித்துக்கொண்டிருக்கிற கம்பி. அதில் ஒன்று உள்ளுக்குள் முறிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல கம்பி மணி மாதிரி "ணங்" என்று பதில் சொல்லும். முறிந்தது பலாப்பழத்தைத் தட்டினது மாதிரி "தொப்" என்று விழும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் உண்டு, விரிசல் விட்டு இன்னும் முறியாத கம்பி. அந்த நடுச்சத்தத்தைப் பிடிக்க எனக்கு ஆறு வருடம் ஆனது. எழுத்தில் சொல்ல வராது.

கேங்மேன் பேத்தி:
ஐயா, டிசம்பரில் திருச்சி வருகிறேன். ரெக்கார்டரோடு வீட்டுக்கு வரலாமா?

பொன்மலை ஃபிட்டர்:
வா. ரெக்கார்டர் போதாது, சுத்தியல் நான் தருகிறேன், பக்கத்துப் பட்டறையில் பழைய பாய்லர் தகடு கிடக்கிறது, கேட்டு வைக்கிறேன். காலையில் பத்து மணிக்கு முன்னால் வந்துவிடு, அதற்கு மேல் பட்டறையில் கிரைண்டர் ஓடும், ஒன்றும் காதில் விழாது. சம்பள விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.