மேக்காடு குடும்பம் – வாட்ஸ்அப் குழு

கவின் காலை 6:48
பெரியவங்க எல்லாரும் பாருங்க. அந்த புரோக்கர் நேத்து ராத்திரி மறுபடி கூப்புட்டாருங்க. நம்ம மேக்காட்டு நிலத்துல கல்லு நட்டு சைட் போட்டுத் தர்றாராம். பஞ்சாயத்து அப்ரூவல் அவரு பொறுப்பாம்

பெருந்துறை சித்தப்பா 6:51
🙏 நல்லது

காங்கயம் அத்தை 6:55
யாரக் கேட்டு பேசுனீங்க

பெரிப்பா 6:56
இன்னும் ஒண்ணும் பேசல. கூப்புட்டாரு அவ்வளவுதான்

சிவா 7:10
கவினு, அவருகிட்ட எதுலயும் கையெழுத்து வேண்டாம். பஞ்சாயத்துத் தலைவர் மட்டும் லேஅவுட்டுக்கு, அதான் மனைப்பிரிவுக்கு, அனுமதி தர முடியாது. நகர் ஊரமைப்புத் துறை, அதான் டிடிசிபி, பார்த்து தொழில்நுட்ப ஒப்புதல் தந்த பொறவுதான் பஞ்சாயத்து உத்தரவு. அது இல்லாத மனைய பதிவுச் சட்டம் 22-ஏ படி சார்பதிவாளர் பதிய மாட்டாரு. பொறவு வரன்முறை, அதான் அனுமதியில்லாத மனைய முறைப்படுத்தறது, பண்ணிக்கலாம்னு சொன்னா நம்பாதீங்க. அது 20.10.2016க்கு முன்னால போட்ட மனைகளுக்கு வந்தது. இப்ப நட்டுற கல்லுக்கு இல்ல

கவின் 7:12
சரிங்ணா. அப்ப முதல்ல அஞ்சு பங்கா பிரிச்சுட்டா? ஆளுக்கு 36 சென்ட். 3000 சதுர மீட்டருக்குக் கீழ வந்துரும், பூங்காவுக்கு 10 பர்சன்ட் விட வேண்டியதில்லன்னு சொல்றாரு

வெள்ளகோவில் அத்தை 7:14
அஞ்சு பங்கா? போன பொங்கலுக்கு மூணுன்னு சொன்னாங்க

பெரிப்பா 7:15
அம்மிணி அதெல்லாம் இங்க வேண்டாம்

காங்கயம் அத்தை 7:15
இங்க பேசாம எங்க பேசறது

சிவா 7:31
பட்டா அஞ்சு பேரு கூட்டுப் பட்டா. அத்தைங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடாம விண்ணப்பமே ஏத்துக்க மாட்டாங்க. அதனால அஞ்சுதான், அதுல பேச்சு வேண்டாங்க.

கவின் சொன்ன கணக்கு ஏன் ஆகாதுன்னு பாருங்க. காடு இட்டேரி (வேலிக்கு நடுவுல போற வண்டிப்பாதை) பக்கம் 200 அடி அகலம், பள்ளம், அதான் ஓடை, பக்கம் போறது 392 அடி நீளம். மொத்தம் 1 ஏக்கர் 80 சென்ட். அஞ்சா வகுந்தா ஒவ்வொண்ணும் 40 அடி அகலத்துல 392 அடி நீளம். மனைப்பிரிவு ரோடு குறைஞ்சது 7.2 மீட்டர், அதாவது 23½ அடி. 40ல அதக் கழிச்சா 16½ அடிதான் மிச்சம். அதுல என்ன வீடு கட்டறது? ரோடு இல்லாம விட்டா முன்னால ஒரு வீடு, பின்னால 300 அடி வெறும் காடு. 10 பர்சன்ட மிச்சம் பண்றோம்னு பாதி நிலத்த முடக்கிப் போடறதுங்க அது.

முதல்ல ரோடும் தண்ணி போற வழியும் போடோணும். பொறவு பங்கு. இத மட்டும் எல்லாரும் ஒத்துக்கிட்டாப் போதும்

பெருந்துறை சித்தப்பா 7:33
👍

பிரபு (காங்கயம்) 7:40
எத்தன மனை வரும் மச்சான்

சிவா 7:58
நடுவுல 30 அடி ரோடு ஒண்ணு, இந்தக் கடைசிலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும். 392 × 30 = 11,760 சதுர அடி, 27 சென்ட். மீதி 153 சென்ட். ரோடு போக மிச்சத்துலதான் 10 பர்சன்ட், 15.3 சென்ட் திறந்தவெளி. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் 85 அடி ஆழம் வருது. முகப்பு 30 அடின்னா மனை 2550 சதுர அடி, 5.85 சென்ட். ஒரு பக்கம் 13, திறந்தவெளி வர்ற பக்கம் 10. மொத்தம் 23. ஆளுக்கு 4 போனா 20. மிச்ச 3ஐ வித்து ரோடு, தண்ணி, கம்பம் எல்லாத்துக்கும் வெச்சுக்கலாம். 10 மனை இருக்கற பக்கம் மிஞ்சற 13 அடிய பள்ளத்துக் கடைசில வண்டி திருப்பவும் டிரான்ஸ்பார்மருக்கும் விட்டர்லாம்.

23½ அடி ரோடே போதும்பாங்க. பொறவு ரெண்டு பக்கமும் காரு நிக்கும், செப்டிக் டேங்க் லாரி உள்ள வராது. 30ஆ இருக்கட்டும்.

விக்கறதுன்னா ரெரா, அதான் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், அதுல பதிவும் வேணும். 500 சதுர மீட்டருக்கு மேலன்னா கட்டாயம்

பெரிப்பா 8:02
3 மனைய யாரு விக்கறது, காசு யாரு கையில

காங்கயம் அத்தை 8:03
அதானே

வெள்ளகோவில் அத்தை 8:06
கன்னிமாரு கல்லு எங்க வருது சாமி. கிணத்து மேட்டுல இருக்கறத எடுக்கக் கூடாது

கவின் 8:07
அத பூங்காவுல விட்டர்லாங்கத்தை

சிவா 8:15
வேண்டாம் கவினு. திறந்தவெளிய தானப் பத்திரம் போட்டு பஞ்சாயத்துக்குக் குடுத்துருவோம். அப்புறம் அங்க ஒரு செங்கல் வெக்கறதுக்கும் நமக்கு உரிமை இல்ல. கன்னிமாருக்கு 1 சென்ட் தனியா அளந்து, அஞ்சு பேரு பேருலயும் பொதுவா எழுதோணும். வரைபடத்துலயே காட்டிரோணும். ஒரு மனை கொஞ்சம் சின்னதாகும், பரவால்லீங்க

வெள்ளகோவில் அத்தை 8:16
அது போதும் சாமி 🙏🙏

பெரிப்பா 8:20
கிணறு என்ற பொறுப்புல இருக்கட்டும். மோட்டாரு ஓடுது, வர்ற வீடுகளுக்கு அதுலயே தண்ணி குடுத்தர்லாம்

காங்கயம் அத்தை 8:21
கிணறு எப்ப உங்க பொறுப்பாச்சுங்ணா

பெருந்துறை சித்தப்பா 8:24
[குரல் செய்தி 2:14]

பிரபு (காங்கயம்) 8:27
சித்தப்பா காத்துச் சத்தம்தான் கேக்குது 😄

சிவா 8:44
பெரிப்பா, மோட்டாருக்கு இருக்கற அந்த இலவச கரண்ட் சர்வீஸ் வெள்ளாமைக்கு மட்டுந்தாங்க. அதுல வீட்டுக்குத் தண்ணி ஓட்டுனா கண்டுபுடிச்சு அபராதம் போடுவாங்க. வீட்டுத் தண்ணிக்குத் தனி சர்வீஸ் வாங்கோணும். ஜல் ஜீவன் குடிதண்ணித் திட்டக் கணக்குல ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர். 23 வீடு, வீட்டுக்கு அஞ்சு பேருன்னா 6325 லிட்டர். 10,000 லிட்டர் மேல்தொட்டி ஒண்ணு போதும்.

அதவிடப் பெரிய கவலை கழிவுத் தண்ணி. மேக்காட்டுல செம்மண்ணு மூணு அடிதான், கீழ ஓடக்கல்லு, அதுக்கும் கீழ பாறை. ஆளாளுக்கு உறிஞ்சு குழி வெட்டுனா தண்ணி எறங்காது. பாறை மேலயே ஓடி பள்ளத்துப் பக்கம் இருக்கற கடைசி மனையில ஊறி மேல வரும், கிணத்துலயும் கலக்கும். குடிதண்ணிக் கிணத்துக்கும் உறிஞ்சு குழிக்கும் 18 மீட்டராவது, 60 அடி, தள்ளி இருக்கோணும். நம்ம கிணறு நடு மேட்டுல இருக்குது, அதச் சுத்தி அஞ்சாறு மனைக்கு அந்த 60 அடியே கெடைக்காது.

அளக்கறவங்க வர்றப்ப நாலு இடத்துல குழி தோண்டிப் பாக்கோணும். மேட்டுல ஒண்ணு, கிணத்துக்கிட்ட ஒண்ணு, பள்ளத்துக்கிட்ட ரெண்டு. முந்துன நாள் பொழுதோட தண்ணி ரொப்பி ஊற விட்டு, காலையில மறுபடி ரொப்பி அரை மணி நேரத்துல எவ்வளவு எறங்குதுன்னு குச்சி வெச்சு அளக்கோணும். அப்படியே நின்னுச்சுன்னா வீட்டுக்கு வீடு தொட்டி மட்டும் கட்டி, அதுலேர்ந்து வர்ற தண்ணிய ஒரே குழாயில தாழ்வுக்குக் கொண்டு போய் ஜல்லிப் படுகையில கல்வாழை வெச்சு வடிகட்டறதுதான் வழி. அதுக்கு ஒரு மனை போயிரும்

பெரிப்பா 8:50
இன்னொரு மனையா

கவின் 8:51
அப்ப 22

பிரபு (காங்கயம்) 8:52
22ஐ அஞ்சால எப்படிப் பிரிச்சாலும் 2 மிஞ்சும். அதுக்கு ஒரு சண்டை வரும்

காங்கயம் அத்தை 8:55
மத்தது கெடக்கட்டும். கெடா வெட்டுக்கு எடுத்த பெரிய அண்டா யாரு வீட்ல இருக்குது? ஆவணி கல்யாணத்துக்கு வேணும்

வெள்ளகோவில் அத்தை 8:56
எங்கூட்ல ஒண்ணு இருக்குது. மூடி இல்ல

பெருந்துறை சித்தப்பா 8:58
மூடி இங்க

சிவா 9:12
இன்னும் ரெண்டு விசயம் சொல்லிர்றேன். நம்ம காட்டு ஓரம் போற 11 கேவி கரண்ட் கம்பி. கட்டடத்துக்கும் கம்பிக்கும் பக்கவாட்டுல 1.2 மீட்டர், மேல 3.7 மீட்டர் இடைவெளி வேணும். அந்தப் பக்கம் நாலு மனையில மாடி எடுக்கறப்பதான் தெரியும். கம்பிய மாத்தோணும்னா மின்வாரியத்துல இப்பவே எழுதிக் குடுத்து எஸ்டிமேட் வாங்கோணும்.

அடுத்தது இட்டேரி. உள்ள 30 அடி ரோடு போட்டுட்டு வாசல்ல 16 அடி இட்டேரின்னா விண்ணப்பம் அங்கயே நின்னுரும். புல வரைபடம் எடுத்து அளந்து பாக்கோணும். பல எடத்துல ஏட்டுல அகலமா இருக்கும், ரெண்டு பக்கத்துக் கிளுவை வேலியும் வருசா வருசம் உள்ள வந்து நின்னிருக்கும். நம்ம பக்கம் நாமளே தள்ளி வெச்சுக்கலாம். எதிர்ப்பக்கம் தார் ரோடு வரைக்கும்…

பெரிப்பா 9:14
எதிர்ப்பக்கம் யாருன்னு தெரியுமில்ல

காங்கயம் அத்தை 9:14
😶

பெருந்துறை சித்தப்பா 9:15
அவங்ககூட 12 வருசமா பேச்சில்லையே

சிவா 9:19
யாராவது போய்ப் பேசித்தாங்க ஆகோணும். சர்வேயர் அளந்து கல்லுப் போட்டா அவங்க நிலம் குறையாதுன்னு அவங்களுக்கும் தெரியோணும். வேலி பொறம்போக்குல இருந்தாத்தான் நகரும்

வெள்ளகோவில் அத்தை 9:22
அந்தூட்டு அம்மா எங்கிட்டப் பேசுவாங்க. கல்யாணப் பத்திரிகை வெக்கப் போறப்ப சொல்லிப் பாக்கறேன்

பெரிப்பா 9:23
பாரு. ஆனா நான் சொன்னேன்னு சொல்லாத

கவின் 9:30
அளக்கறவங்க ஞாயித்துக்கெழம வர்றாங்களாண்ணா

சிவா 9:33
ஆமாங். காலையில 7 மணிக்கு. எமகண்டம் 12க்கு, அதுக்குள்ள முடிச்சர்லாம். மூலப்பத்திரம், வில்லங்கம் 30 வருசத்துக்கு, சிட்டா, பழைய புல வரைபடம் நகல் வேணும். பள்ளம் ஒட்டி இருக்கறதால நீர்வளத் துறை தடையின்மைச் சான்றும் கேப்பாங்க. மழைக்காலத்துல தண்ணி எதுவரைக்கும் ஏறுதுன்னு பெரிப்பா கையால அடையாளம் காட்டிக் குடுங்க, அதுக்கு மேலதான் மனை ஆரம்பிக்கோணும்

பெரிப்பா 9:36
புளியமரத்து வேரு வரைக்கும் ஏறும். 77 வெள்ளத்துல அதுக்கும் மேல

சிவா 9:37
அப்ப புளியமரத்துக்கு மேல இன்னும் பத்தடி விட்டுப் போடலாங்க. கடைசி ரெண்டு மனை அளவு மாறும்

காங்கயம் அத்தை 9:40
அந்த ரெண்டு யாரு பங்குல வருது

பெரிப்பா 9:41
குலுக்கல்

காங்கயம் அத்தை 9:41
சீட்டு நான் எழுதறேன்

பெருந்துறை சித்தப்பா 9:44
குழி தோண்ட ரெண்டு ஆளு சொல்லிட்டேன். சனிக்கெழம பொழுதோட தண்ணி ரொப்ப மோட்டார் ரூம் சாவி வேணும்

பெரிப்பா 9:52
சாவி என்கிட்ட. வந்து வாங்கிக்க