ஏடிஸ் ஈஜிப்தி வி1016ஜி பரிசோதனை: இத்தனை ஹெட்டிரோசைகஸ் வருமா?

கேள்வி: இழை_எண்3

வணக்கம். ஏடிஸ் ஈஜிப்தி கொசுக்களில் பைரித்ராய்டு எதிர்ப்புக்கான கேடிஆர் மாற்றங்களை, அதாவது மருந்து தாக்கும் சோடியம் வாயில் மரபணுவில் வரும் மாற்றங்களைப் பார்க்கிறோம். சில தொட்டிகளில் பிடித்த லார்வாக்களை வளர்த்து, ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருந்த 3–5 நாள் வயதுப் பெண் கொசுக்களை பெர்மெத்ரின் தாளில் 1 மணி நேரம் வைத்தோம். 24 மணி நேரம் கழித்து எண்ணியதில் இறப்பு 62%. பிழைத்தவற்றில் 24, இறந்தவற்றில் 24 எடுத்து, முழு உடலையும் அரைத்து டிஎன்ஏ பிரித்தோம். அந்த மரபணு தரும் புரதத்தின் 1016-ஆம் இடத்துக்கு (வி என்றால் மருந்துக்கு மசியும் வேலின், ஜி என்றால் எதிர்ப்பு தரும் கிளைசின்) ஜிசி வால் (முனையில் சேர்த்த கூடுதல் எழுத்துகள்) வைத்த பிரைமர்களால் அல்லீல் (மரபணுவின் வடிவம்) சார்ந்த பிசிஆர்: 20 மைக்ரோலிட்டர் கலவை, பிரைமர் ஒட்டும் வெப்பநிலை 55 டிகிரி, 40 சுற்று.

கிடைத்தது: வி/வி 7, வி/ஜி 38, ஜி/ஜி 3. டிஎன்ஏ இல்லாத குழாயில் ஒன்றும் வரவில்லை. இவ்வளவு ஹெட்டிரோசைகஸ் (இரண்டு அல்லீலும் வெவ்வேறு, அதாவது வி/ஜி) உண்மையாக இருக்குமா? பிழைத்தவற்றிலும் சில வி/வி இருக்கின்றன. அவை எப்படித் தப்பின?

பதில் 1: ஜெல்_பார்ப்பவர்

முதலில் கணக்கு. உங்கள் ஜி அல்லீலின் விகிதம் 44/96, அதாவது 0.458. ஹார்டி–வெயின்பெர்க் (இனச்சேர்க்கை தற்செயலாக நடந்தால் வர வேண்டிய விகிதம்) படி 48 கொசுக்களில் வி/வி 14, வி/ஜி 24, ஜி/ஜி 10 அளவில் வர வேண்டும். அந்த எதிர்பார்ப்பிலிருந்து விலகலை அளக்கும் கை-வர்க்க மதிப்பு ஏறத்தாழ 17. 3.84 தாண்டினாலே யோசிக்க வேண்டும் எனும்போது இது தற்செயலாக வர வழியில்லை. இரண்டு பக்க ஹோமோசைகஸும் (வி/வி, ஜி/ஜி) குறைந்து நடுவில் குவிந்திருக்கிறது. பிரைமர் கசிந்தால், அதாவது தனக்குரியதல்லாத அல்லீலையும் பெருக்கினால், இப்படித்தான் இருக்கும்.

55 டிகிரியும் 40 சுற்றும் சேர்ந்தால், 3' முனையில் ஒரே ஓர் எழுத்து பொருந்தாத பிரைமரும் கடைசிச் சுற்றுகளில் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை நீண்டுவிட்டால் அந்தப் பிரதி பிரைமருக்கு முழுதாகப் பொருந்தும், அப்புறம் சரியான அல்லீல் போலவே பெருகும். டிஎன்ஏ இல்லாத குழாய் சுத்தமாக இருப்பது இதைக் காட்டிக்கொடுக்காது. அது மாசை மட்டும்தான் சொல்லும்.

செய்து பார்க்க வேண்டியது: ராக்ஃபெல்லர் போன்ற, எதிர்ப்பே இல்லாத ஆய்வக இனத்தின் டிஎன்ஏவை ஒரு குழாய்க்கு 10, 1, 0.1 நானோகிராம் என மூன்று அளவில் ஓட்டுங்கள். 10-இல் ஜி பேண்ட் (ஜெல்லில் தெரியும் பட்டை) தெரிந்து 0.1-இல் மறைந்தால் கசிவு உறுதி. பிறகு 54 முதல் 64 டிகிரி வரை கிரேடியண்ட் (குழாய்க்குக் குழாய் ஏறும் ஒட்டும் வெப்பநிலை) வைத்து, தவறான பேண்ட் மறைந்தும் சரியானது நிற்கும் வெப்பநிலையைப் பிடியுங்கள். சுற்றுகளை 32–35-க்குக் குறையுங்கள். அப்படியும் கசிந்தால், 3' முனையிலிருந்து மூன்றாவது எழுத்தை வேண்டுமென்றே பொருந்தாததாக மாற்றிப் பிரைமரை மறுபடி வாங்குவதுதான் வழி.

ஒவ்வொரு ஓட்டத்திலும் வி/வி, ஜி/ஜி, இரண்டையும் சம அளவில் கலந்த செயற்கை வி/ஜி என மூன்று கன்ட்ரோல் வேண்டும். ஜி/ஜி இனம் கையில் இல்லையென்றால், வரிசை பார்த்து உறுதிசெய்த ஒரு கொசுவின் பிசிஆர் துண்டை பிளாஸ்மிடில் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

என்சைமையும் சரிபாருங்கள். பிழைதிருத்தும் பாலிமரேஸ், அதாவது 3'-லிருந்து 5' நோக்கி வெட்டும் திறன் உள்ளது, இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. பொருந்தாத முனை எழுத்தை அதுவே வெட்டிவிட்டுச் சரியானதை வைத்துவிடும். எல்லாக் கொசுவும் ஹெட்டிரோசைகஸாகத் தெரியும். சாதாரண டாக் பாலிமரேஸ், ஹாட்-ஸ்டார்ட் வகையாக (சூடான பிறகே வேலைதொடங்குவது) இருந்தால் நல்லது.

ஜெல் விஷயம்: 26 எழுத்து வாலும் 6 எழுத்து வாலும் என்றால் இரண்டு துண்டுகளுக்கும் இடையே 20 எழுத்துதான் வித்தியாசம். 2% அகரோஸில் பிரியாது, 4% போடுங்கள். கீழே பிரைமர்கள் தங்களுக்குள் ஒட்டி வரும் பட்டையைச் சின்ன அல்லீல் என்று எண்ணிவிடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு.

பதில் 2: தொட்டி_லார்வா

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கோளாறு முழுவதும் குழாயில் மட்டும் இல்லை, மாதிரி எடுத்த விதத்திலும் இருக்கிறது.

ஒரே தொட்டியின் லார்வாக்களில் பல, கூடப் பிறந்தவையாக இருக்கும். தாய் வி/வி, தந்தை ஜி/ஜி என்றால் பிள்ளைகள் அத்தனையும் வி/ஜி. சில தொட்டிகள் மட்டும் என்றால் இப்படிப்பட்ட ஓரிரு குடும்பங்களே உங்கள் கணக்கைச் சாய்த்துவிடும். பல இடங்களிலிருந்து, ஒரு தொட்டிக்கு 2 கொசுவுக்கு மேல் போகாமல் எடுங்கள்.

அடுத்து, பிழைத்தது 24, இறந்தது 24 என்று சமமாக எடுத்த கூட்டத்தை ஹார்டி–வெயின்பெர்க் கணக்கில் போடவே கூடாது. இறப்பு 62% என்றால் இறந்தவற்றின் பங்கு குறைத்தும் பிழைத்தவற்றின் பங்கு கூட்டியும் எடுத்திருக்கிறீர்கள். மருந்து காட்டாத கொசுக்களில் கண்மூடித்தனமாக 50 எடுத்து, அதில்தான் அல்லீல் விகிதத்தைச் சொல்ல வேண்டும். 24/24 ஒப்பீடு, மாற்றத்துக்கும் பிழைப்புக்கும் தொடர்பு உண்டா என்பதற்கு மட்டும்.

பிழைத்த வி/வி கொசுக்களுக்கு முதலில் எஃப்1534சி (அதே மரபணுவில் 1534-ஆம் இடத்து மாற்றம்) பாருங்கள். அது பெர்மெத்ரின் போன்ற முதல் வகைப் பைரித்ராய்டுகளுக்கு எதிர்ப்பு தருவது. ஆசிய ஏடிஸ் ஈஜிப்தியில் 1016ஜி பெரும்பாலும் எஸ்989பி-யோடு (989-ஆம் இடத்து மாற்றம்) ஒரே குரோமோசோம் பிரதியில் வரும். 1534சி பெரும்பாலும் அதே குரோமோசோமின் வேறொரு பிரதியில் தனியாக இருக்கும். இதனால் ஒரு நல்ல உள்சோதனை இலவசமாகக் கிடைக்கிறது: 1016-இல் ஜி/ஜி என்றால் 1534-இல் எஃப்/எஃப் வர வேண்டும், 1534-இல் சி/சி என்றால் 1016-இல் வி/வி வர வேண்டும். ஜி/ஜி-யோடு எஃப்/சி வந்தால் ஒன்று பரிசோதனை பொய் சொல்கிறது, அல்லது மூன்று மாற்றங்களும் ஒரே குரோமோசோம் பிரதியில் சேர்ந்த வகை வந்திருக்கிறது. அந்த வகை எதிர்ப்பில் மிக வலுவானது. ஆகவே அப்படி ஒரு கொசு கிடைத்தாலும் வரிசை பார்க்காமல் விடாதீர்கள்.

1534-இல் எஃப்/எஃப் ஆக இருந்தும் பிழைத்திருந்தால், நச்சை உடைக்கும் பி450 என்சைம்களை நோக்கிப் போங்கள். அந்த என்சைம்களைத் தடுக்கும் பிபிஓ 4% தாளில் 1 மணி நேரம், உடனே பெர்மெத்ரின் தாளில் 1 மணி நேரம். பிபிஓ மட்டும் காட்டிய கன்ட்ரோலும் வேண்டும். இறப்பு தெளிவாக ஏறினால் விடை அங்கே இருக்கிறது.



இழை_எண்3

மிக்க நன்றி. என்சைம் சாதாரண டாக்தான். எஃப்1534சி இன்னும் பார்க்கவில்லை. அரைத்த டிஎன்ஏ மட்டும் மீதி இருக்கிறது, கால்கள் இல்லை. பெண் கொசுவுக்குள் இருக்கும் ஆணின் விந்தும் ஹெட்டிரோசைகஸாகக் காட்டுமா?

பதில் 3: ஜெல்_பார்ப்பவர்

காட்டலாம், ஆனால் 38 கொசுக்களுக்கு அது காரணம் அல்ல. விந்துகொள் பைகளில் இருக்கும் விந்தணுக்களின் டிஎன்ஏ, உடல் முழுவதின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். 40 சுற்றில் மங்கலான இரண்டாவது பேண்ட் வர அது துணைபோகும், அவ்வளவுதான். உங்கள் 38-இல் இரண்டு பேண்டும் சம வலுவில் உள்ளவை எத்தனை, ஒன்று மங்கியவை எத்தனை என்று தனித்தனியாக எண்ணிப் பாருங்கள்.

மீதி டிஎன்ஏவை வீணாக்க வேண்டாம். மூன்று வகையிலும் 6 வீதம் (ஜி/ஜி 3 என்றால் மூன்றையும்) எடுத்து, 20-ஆம் எக்ஸானிலிருந்து (எக்ஸான் என்பது மரபணுவில் புரதத்துக்கான துண்டு) 21-ஆம் எக்ஸான் வரை பெருக்கி இரு பக்கமும் சாங்கர் வரிசை பாருங்கள். 989-உம் 1016-உம் ஒரே துண்டில் வந்துவிடும். உண்மையான வி/ஜி-யில் இரட்டைச் சிகரம் ஏறத்தாழ சம உயரத்தில் நிற்கும்.

வரிசையிலும் எல்லாம் வி/ஜி என்றே வந்து, குடும்பச் சாய்வும் இல்லையென்றால், மரபணு இரட்டிப்பை, அதாவது ஒரே குரோமோசோமில் வி, ஜி இரண்டு பிரதியும் சேர்ந்திருப்பதை நினைக்கலாம். கியூலெக்ஸ், அனோபிலிஸ் கொசுக்களின் ஏஸ்-1 மரபணுவில் இது நன்கு தெரிந்த விஷயம். ஏடிஸ் ஈஜிப்தியின் சோடியம் வாயில் மரபணுவிலும் 2013-இல் இதற்கான சான்று வெளியானது. சோதிக்க, வி/ஜி-யையும் வி/ஜி-யையும் ஒற்றை ஜோடியாகச் சேர்த்து 30 பிள்ளைகளைப் பாருங்கள். 1:2:1 பிரிந்தால் இரட்டிப்பு இல்லை. ஒன்றுகூடப் பிரியாமல் எல்லாம் வி/ஜி என்றால் இருக்கிறது.

அடுத்த முறைக்கு: ஒரு காலை மட்டும் 25 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் 0.2 மில்லிமோலார் இடிடிஏவும் கலந்த கரைசல் 20 மைக்ரோலிட்டரில் 95 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, அதே அளவு 40 மில்லிமோலார் டிரிஸ்-ஹெச்சிஎல் சேர்த்தால் போதும். அதிலிருந்து 1–2 மைக்ரோலிட்டர் எடுங்கள். உடலைத் தனிக் குழாயில் 95% எத்தனாலில் போட்டு வையுங்கள். இறந்த கொசுக்களை 24 மணி நேரக் கணக்கு முடிந்த உடனே எடுத்து வையுங்கள். ஈரத்தில் கிடந்தால் டிஎன்ஏ சிதைந்து ஓர் அல்லீல் வராமல் போகும், அப்போது ஹெட்டிரோசைகஸ் ஹோமோசைகஸாகத் தெரியும். அந்தத் தவறு இறந்த பக்கத்தில் மட்டும் விழுவதால் ஒப்பீடே கெட்டுவிடும்.