இந்த இத்தாலி வண்டிப் படம் கல்யாணமா, திருவிழாவா?

மஞ்சப்பை:
பாரிஸ்ல பழைய சாமான் சந்தைல ஒரு கருப்பு வெள்ளை பிரிண்ட் வாங்கினேன், அடில எழுதியிருந்தது கிழிஞ்சு போச்சு, இத்தாலி படம்னு மட்டும் கடைக்காரர் சொன்னாரு. பெரிய வண்டி, ரெண்டு எருமை பூட்டியிருக்கு (மாடுன்னுதான் நெனச்சேன், கொம்பப் பாத்தா எருமை), மேல ஒரு பொண்ணு கைக்குழந்தையோட நிமிந்து நிக்குது, கீழ ஒருத்தன் பை மாதிரி எதையோ இடுக்கிகிட்டு ஊதுறான் இன்னொருத்தன் ஆடுறான். வீட்ல கல்யாண ஊர்வலம்ங்கறாங்க. கைல குழந்தையோட என்ன கல்யாணம்??

கரித்துண்டு:
லெயோபோல்ட் ரொபேர் வரைஞ்சது, ரோமுக்குத் தெக்க இருக்கற பொன்டீன் சதுப்பு நிலத்துக்கு அறுவடைக்காரங்க வந்து சேர்றது, 1830. சுவிஸ்காரர், ரோம்லயே செட்டில் ஆனவர். ஒரிஜினல் பாரிஸ் லூவர் மியூசியத்துல இருக்கு, அகலமே ரெண்டு மீட்டருக்கு மேல. 1831 பாரிஸ் கண்காட்சில செம ஹிட்டு, பிரான்ஸ் ராஜா லூயி பிலிப்பே வாங்கிட்டாரு. அந்த பை வாத்தியம் சாம்போஞா, ஆட்டுத்தோல்ல பண்றது. நாலு பருவத்துக்கு இத்தாலில நாலு ஊர்னு பிளான் பண்ணாரு, இது கோடை. அசல் திருவிழா வேணும்னா 1827ல வரைஞ்ச வசந்தத்தப் பாருங்க, நேப்பிள்ஸ் பக்கம் மடோனா தெல் ஆர்க்கோங்கற மாதா கோயிலுக்குப் போய்ட்டு ஆடிப்பாடி திரும்புற கூட்டம்.

வடக்குத்தெரு:
கொண்டாட்டம்லாம் சரி, இவங்க கூலிக்கு அறுக்க வந்தவங்க சார். மலை ஊர்லேருந்து இறங்கி வருவாங்க, கோடைல அந்த சதுப்பு முழுக்க மலேரியா. அந்த வார்த்தையே இத்தாலியன்ல கெட்ட காத்துன்னுதான் அர்த்தம், 1930கள்லதான் தண்ணிய வடிச்சு ஊரா ஆக்கினாங்க. காய்ச்சல் காட்டுக்குள்ள வந்து இறங்குறவங்கள இவரு என்னமோ ராஜா பவனி மாதிரி வச்சிருக்காரு, ஒருத்தர் மேலயும் புழுதி கூட இல்ல.

கரித்துண்டு:
புழுதி இல்லதான், ஒத்துக்கறேன். ஆனா சும்மா ரூம்ல உக்காந்து கற்பனை பண்ண ஆளு இல்ல. 1819ல சொன்னினோ ஊர்க்காரங்கள, கொள்ளைக்காரங்க கூட்டம்னு குடும்பத்தோட பிடிச்சு ரோம்ல அடைச்சு வச்சிருந்தாங்க, இவரு பர்மிஷன் வாங்கி அங்கயே போய் உக்காந்து வரைஞ்சாரு, அவங்க துணிமணியையும் விலைக்கு வாங்கினாரு. அந்த ஊரும் இதே சதுப்புக்கு மேல இருக்கற மலைலதான். அதனால பாவாடை, தலைத்துணி எல்லாம் நெசம், நிக்கிற போஸ்தான் நாடகம். குளிர்காலத்துக்கு வெனிஸ் கார்னிவல்னு ஆரம்பிச்சவரு கடைசில மீனவங்க கடலுக்குக் கிளம்பறதத்தான் வரைஞ்சாரு, அதுல சிரிப்பே கிடையாது. 1835 மார்ச் 20, வெனிஸ்லயே தற்கொலை பண்ணிகிட்டாரு. அவரு தம்பியும் அப்படித்தான் போனாரு, சரியா பத்து வருஷம் முன்னாடி அதே தேதி.

மஞ்சப்பை:
அய்யோ. இப்ப பூதக்கண்ணாடி வச்சு திரும்பப் பாத்தேன், எருமை மேல சாஞ்சு கம்போட நிக்கிறவன் மூஞ்சில ஆட்டம் பாட்டு எதுவுமே இல்ல, நேத்து இத கவனிக்கவே இல்ல. நாளைக்கு பிரேம் போடக் குடுக்கறேன். வீட்ல இன்னும் கல்யாணம்னுதான் நிக்கிறாங்க, குழந்தை மாப்பிள்ளையோட அக்கா குழந்தையாம்.