விடுதி அறையும் அறைத்தோழரும்: கடற்கரைப் பிள்ளைகளின் முதலாண்டு அனுபவங்கள்

தங்கச்சிமடம், பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர்:

கலந்தாய்வில் கல்லூரி கிடைப்பது ஒன்று, அந்தக் கல்லூரியின் விடுதியில் கட்டில் கிடைப்பது வேறொன்று என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குக் கோயம்புத்தூரில் மூவர் தங்கும் அறை கிடைத்தது. நான் சேர்ந்தது 2023இல். பழைய பாம்பன் பாலத்தில் இரயில் ஓடாத காலம் என்பதால், தகரப் பெட்டியையும் பாயையும் பேருந்தில் ஏற்றிப் பாலம் கடந்து, மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் மற்ற இருவரும் வந்து நல்ல கட்டில்களைப் பிடித்துவிட்டார்கள்.

எனக்கு மிஞ்சியது கழிப்பறைச் சுவரை ஒட்டிய கட்டில். அறைத்தோழர் ஒருவரின் தந்தை அங்கே இருந்தார். நல்ல மனிதர் என்றே இன்றும் சொல்வேன். என் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார், கொசுவலையின் எட்டாத கயிற்றை அவரே ஆணியில் கட்டிக் கொடுத்தார். அதன் பிறகுதான் அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டுத் தொக்கை வெளியே எடுத்து அலமாரியில் வைத்தேன். மூடியைத் திறக்கவும் இல்லை. அவர் தூக்குவாளியைப் பார்த்தார், பெட்டியின் மேல் எழுதியிருந்த ஊர்ப் பெயரைப் பார்த்தார், வார்டனைப் பார்த்துவிட்டு வருவதாகக் கூறிச் சென்றார். திரும்பி வந்ததும் தம் மகனின் கொசுவலைக் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். எனக்குக் கட்டிய கயிற்றின் முனையும் அதே ஆணியில்தான் இருந்தது. அதை அறுந்துவிடாமல் பார்த்து, மெதுவாகப் பிரித்து எடுத்தார். மகன் கடைசிவரை கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தொக்கு பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதை மெஸ் சமையல்காரரிடம் கொடுத்திருப்பேன். மூன்றாமவர் தருமபுரிக்காரர்; அந்த வாரத்துக்குள் வாளியை அவரே காலி செய்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

தொண்டி, வணிகவியல் படித்து முடித்தவர்:

தம்பி, அந்தத் தந்தையின் மேல் முழுப் பழியையும் போட வேண்டியதில்லை. நமக்குக் கருவாடு சோற்றோடு சேர்ந்த வாசனை, மற்றவர்களுக்கு அப்படி இல்லை. மூடிய அறையில் முதல் நாளே அதைக் கொண்டுபோய் வைத்தால் யாராக இருந்தாலும் யோசிப்பார்கள்.

என் அறையில் சண்டைக்கு உணவு காரணமே இல்லை, மின்விசிறிதான் காரணம். திருச்சியில் நால்வர் அறை. என்னுடன் இருந்தவர் கோத்தகிரிக்காரர். கடல் காற்றில் படுத்து வளர்ந்த எனக்கு விசிறி முழு வேகத்தில் ஓடாவிட்டால் தூக்கம் வராது. அவருக்கோ விசிறி என்ற பொருளே தேவையற்றது. இரவெல்லாம் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து ரெகுலேட்டரைத் திருகுவோம். ஒருநாள் மற்ற இருவரும் வார்டனிடம் முறையிட, அவர் வந்து எதுவும் பேசாமல் ரெகுலேட்டரின் குமிழைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். விசிறி இரண்டாம் எண்ணில் நின்றுவிட்டது. ஆண்டு முடியும்வரை அப்படியேதான் சுற்றியது.

கீழக்கரை, சென்னையில் முதுகலை மாணவி:

விசிறிக்காகச் சண்டையிடக் கிடைத்தவர்கள் உள்ளே போய்விட்டவர்கள். நான் வாசலிலேயே நின்றவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

இளங்கலையில் சேர்ந்தபோது கல்லூரி விடுதியில் வெளியூர் மாணவிகளுக்கான இடம் மதிப்பெண் வரிசையில் நிரம்பிவிட்டது. காத்திருப்போர் பட்டியலில் இருந்தபடியே பக்கத்துத் தெருவில் ஒரு தனியார் மகளிர் விடுதியைப் பிடித்தோம். தொலைபேசியில் பேசியபோது இருவர் அறையில் ஒரு கட்டில் இருப்பதாகச் சொல்லி, முன்பணத்தைக் கூகுள் பே வழியாக வாங்கிக்கொண்டார்கள். வாப்பா வெளிநாட்டில் இருப்பதால் உம்மாவும் நானும் பெட்டியோடு போனோம். உம்மா புர்கா அணிந்திருந்தார். உரிமையாளர் அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காலையில்தான் அந்த இடம் நிரம்பிவிட்டது என்றார். அவருக்குப் பின்னால் அறைக் கதவு திறந்தே இருந்தது. ஒரு கட்டிலின் மேல் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. நாங்கள் மாடிப்படியில் பாதிகூட இறங்கவில்லை, முன்பணம் திரும்பி வந்துவிட்டதாகக் கைபேசியில் செய்தி ஒலித்தது. அவ்வளவு விரைவாகப் பணத்தைத் திருப்பித் தரும் விடுதியை அதன் பிறகு நான் பார்த்ததில்லை.

தங்கச்சிமடத்துத் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். தொண்டி அண்ணன் வாசனை என்று பேசுகிறார், ஆனால் நீங்கள் மூடியைத் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தந்தை படித்தது ஊர்ப் பெயரை.

இராமநாதபுரம், ஓய்வுபெற்ற மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்:

என் மகனுக்கு மதுரையில் விடுதி கிடைத்தது, அறைத்தோழரும் நன்றாகவே அமைந்தார்; முதல் நாள் இரவு பூட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு இருவரும் வராந்தாவில் படுத்ததைத் தவிரச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் மேலே எழுதியவர்கள் எவரும் நடைமுறையைச் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

முதலாவதாக, கலந்தாய்வு ஆணை என்பது படிப்புக்கான இடம் மட்டுமே. விடுதிக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனிக் கடைசித் தேதி. ஆணை கையில் வந்த அன்றே விடுதி அலுவலகத்தைத் தொடர்புகொள்ள வேண்டும். மெஸ் கட்டணம் மாதந்தோறும் ஒரே தொகையா, அல்லது மொத்தச் செலவை மாணவர்களுக்குள் பங்கிடும் டிவைடிங் முறையா என்பதை அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். பங்கிடும் முறையென்றால், விடுமுறையில் ஊருக்கு வரும் நாட்களுக்கு மெஸ் குறைப்பு எழுதிக் கொடுக்காதவர்கள் சாப்பிடாத சோற்றுக்கும் பணம் கட்டுவார்கள்.

ராகிங் தொடர்பான உறுதிமொழிப் பத்திரத்தை வெறும் சடங்காக நினைத்துக் கையெழுத்திடாதீர்கள். மருத்துவ மாணவர் நாவரசு 1996இல் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, விடுதியில் சேர்பவர்கள் அதற்கெனக் கூடுதலாகவும் உறுதிமொழி தர வேண்டும். முதலாண்டு மாணவர்களை இயன்றவரை தனிக் கட்டடத்தில் தங்க வைக்க வேண்டும். மூத்த மாணவர்களோடு கலந்து அறை ஒதுக்கினால் பெற்றோர் இந்த விதியைக் காட்டிக் கேட்கலாம். இருபத்துநான்கு மணி நேர உதவி எண் 1800-180-5522.

கீழக்கரை மகளுக்கு: தனியார் மகளிர் விடுதிகள் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியரிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். முன்பணம் அனுப்புவதற்கு முன் பதிவுச் சான்றைக் கேட்டிருக்க வேண்டும்.

வசதி குறைந்தவர்களுக்கு அரசு விடுதிகள் இருக்கின்றன. 2025 ஜூலை முதல் அவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர். தங்குமிடமும் உணவும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் சேர மாணவரின் வீடு கல்லூரியிலிருந்து எட்டுக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். மாணவிகளுக்கு இந்தத் தொலைவு விதி இல்லை. இவ்வளவு வழிகள் இருந்தும் நம் கடற்கரைப் பெற்றோர் கடைசி நாள்வரை காத்திருந்துவிட்டு, பிறகு இடமில்லை என்று வருந்துகிறார்கள். முந்திக்கொள்பவர்களுக்கே நல்ல அறை.

கீழக்கரை, சென்னையில் முதுகலை மாணவி:

ஐயா, பதிவுச் சான்று சுவரில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது. அதன் கீழேதான் நின்றுகொண்டிருந்தோம்.

மண்டபம், மீனவக் குடும்பத்துத் தாய்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். முந்திக்கொள்ள வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு மே மாதத்தில் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். தடைக்கால நிவாரணம் வந்தால் அது அரிசிக்கும் வட்டிக்கும் போய்விடும். தடை முடிந்த பிறகும் விசைப்படகுகள் நாள்தோறும் கடலுக்குப் போவதில்லை, வாரத்தில் மூன்று நாட்கள்தான். என் கணவருக்குச் சொந்தப் படகு கிடையாது, பங்குக்குப் போகிறவர். மகனுக்கு ஒதுக்கீட்டு ஆணை வந்த வாரத்தில், இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றவர்களை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் நடந்ததால் ஒரு படகும் இறங்கவில்லை.

படிப்புக் கட்டணத்துக்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடைத்தது. விடுதிக் கட்டணத்துக்குச் சலுகை இல்லை. பாதிப் பணத்தை எடுத்துக்கொண்டு மகனும் நானும் போனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் அட்டையைத் தேய்த்துவிட்டு, எந்த மாடி வேண்டும், எந்த ஊர்ப் பையனோடு வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். எங்கள் முறை வந்தபோது அலுவலர் கோபப்படவில்லை, மரியாதையாகவே பேசினார். நோட்டுகளை எண்ணி வாங்கி, பாதித் தொகைக்கு ரசீது கொடுத்தார். பிறகு பெரிய பதிவேட்டை விரித்து, மற்ற பெயர்களையெல்லாம் எழுதிய பேனாவை மூடி வைத்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து பென்சிலை எடுத்து என் மகன் பெயரை எழுதினார். மீதியைக் கட்டியதும் பேனாவால் எழுதிக்கொள்ளலாம் என்றார். அந்தக் கட்டத்தில் எங்களுக்கு முன்பே யாரோ ஒருவர் பெயரை எழுதி அழித்த தடம் தெரிந்தது. அந்தப் பிள்ளை எந்த ஊரோ, பிறகு எங்கே தங்கினானோ என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

அறையில் உடன் இருந்த பிள்ளைகளைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. மெஸ் அட்டை வரும்வரை தங்கள் தட்டிலிருந்தே பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள்.

இராமநாதபுரம், ஓய்வுபெற்ற மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்:

அம்மா, தங்கள் நிலை புரிகிறது. இருப்பினும் அத்தகைய சூழலில் கல்லூரி முதல்வருக்கு எழுத்து வடிவில் மனு கொடுத்து, தவணை முறையில் கட்ட அனுமதி பெற்றிருக்க வேண்டும். வேலைநிறுத்தச் செய்தி வந்த நாளிதழின் நகலையும் மீனவர் நலவாரிய அட்டையின் நகலையும் இணைத்திருந்தால் மறுக்க மாட்டார்கள்.

மண்டபம், மீனவக் குடும்பத்துத் தாய்:

மனு கொடுத்தோம் ஐயா. நீங்கள் சொன்ன இரண்டு நகல்களும் அதில் இருந்தன. முழுவதையும் படித்த பிறகுதான் பென்சிலை எடுத்தார்.