எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர் புற்றுநோய் மருத்துவமனையில் சேர வழி?

கேள்வி: தங்கை எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டர். எம்.பி.பி.எஸ். இல்லாமல் மருத்துவத் துறையில் நல்ல சம்பளம் கிடைக்குமா?

பதில் 1: புற்றுநோய் மருத்துவமனையில் மருத்துவ இயற்பியலாளர் (கதிர்வீச்சு சிகிச்சையில் கதிர் அளவைத் திட்டமிட்டுச் சரிபார்ப்பவர்) ஆகலாம். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க இயற்பியல் டிப்ளமா, ஓராண்டு. பி.எஸ்சி.யிலும் 60% வேண்டும். பலர் அடிபடுவது அங்கேதான்.

பதில் 2: டிப்ளமாவோடு முடியாதுங்க. கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் 12 மாதப் பயிற்சி, பிறகு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி தேர்வு. இந்தத் தகுதி வந்தால்தான் சம்பளம் பேச முடியும். தனியார் கல்லூரிப் படிப்பென்றால், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பதில் 3: வேலை எப்படி? முதல் நோயாளி வருமுன் லினாக் (கதிர்வீச்சு சிகிச்சை தரும் இயந்திரம்) தரும் கதிர் அளவு, இருக்க வேண்டிய அளவிலிருந்து 3 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று சோதிக்கணும். மீறினால் சிகிச்சையை நிறுத்திக் காரணம் தேடணும். மீதி நேரம் பெரும்பாலும் கணினியில் சிகிச்சைத் திட்டம்தான்.