சிஏ இன்டர்: கையில் இருக்கும் பழைய புத்தகங்கள் செல்லுமா? மாட்யூலா, கம்பாக்ட்டா?

கொழிஞ்சாம்பாறை மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். சிஏ (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்) படிப்பின் முதல் நிலையான ஃபவுண்டேஷன் பாஸ் ஆகி, அடுத்த நிலையான இன்டருக்குப் பதிவு செய்திருக்கிறேன். வீடு கேரளாவில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். கோச்சிங் சேர இப்போதைக்கு வசதி இல்லை, வீட்டிலிருந்தே படிக்கப் போகிறேன். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் தான் படித்த இன்டர் புத்தகங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டார். சில தேர்வை நடத்தும் சிஏ இன்ஸ்டிடியூட் (ஐசிஏஐ) வெளியிட்டவை, சில தனி ஆசிரியர்கள் எழுதியவை. அப்பா அவற்றைப் பார்த்து, 'இவ்வளவும் இருக்கிறதே, இனி எதற்குப் புத்தகம் வாங்கணும்?' என்கிறார். இவை இப்போது செல்லுமா? செல்லாது என்றால் முதலில் எதை வாங்குவது? கம்பாக்ட் என்கிற சுருக்கப் புத்தகம் மட்டும் போதும் என்று ஒருவர், இன்ஸ்டிடியூட்டின் முழுப் பாடப் புத்தகமான மாட்யூலைத் தாண்டவே கூடாது என்று இன்னொருவர். ஒன்றும் புரியவில்லை. சட்டமும் ஆடிட்டும்தான் பயமாக இருக்கிறது, இங்கிலீஷில் எழுத வேண்டுமே.

வேலந்தாவளம் அண்ணன்:
தங்கச்சி, முதலில் அந்தப் புத்தகங்களின் அட்டையைப் பாருங்கள், பேப்பர் எண் போட்டிருக்கும். 2024 மே தேர்விலிருந்து இன்டருக்குப் புதிய ஸ்கீம், அதாவது புதிய பாடத்திட்டம், வந்துவிட்டது. முன்பு எட்டு பேப்பர், இப்போது குரூப்புக்கு மூன்று வீதம் ஆறுதான். அதனால் அட்டையில் பேப்பர் 7, பேப்பர் 8 என்று இருந்தால் அது பழைய ஸ்கீம், யோசிக்கவே வேண்டாம். டாக்ஸ் பழையதில் பேப்பர் 4, புதியதில் 3. காஸ்டிங் அன்று 3, இன்று 4. ஆடிட்டிங் 6 ஆக இருந்தது 5 ஆகிவிட்டது, பெயரும் 'ஆடிட்டிங் அண்டு எத்திக்ஸ்' என்று மாறியிருக்கிறது.

பழையதை எல்லாம் தூக்கிப் போட வேண்டியதில்லை. காஸ்டிங் கணக்குகளும் எஃப்எம் (ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட்) கணக்குகளும் போட்டுப் பழகப் பயன்படும். பிராசஸ் காஸ்டிங்கோ கேப்பிட்டல் பட்ஜெட்டிங்கோ பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதில்லை. ஆனால் எகனாமிக்ஸ், இஐஎஸ் (என்டர்பிரைஸ் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்) இரண்டும் இன்டர் பேப்பர்களில் இப்போது இல்லை, அந்தப் பக்கங்களைத் திறக்கவே வேண்டாம். சட்டத்தில் நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போய்விட்டது. டாக்ஸ் புத்தகம் மட்டும் எந்த நிலையிலும் பழையது கூடாது.

உக்கடம் கடைக்காரன்பேட்டை:
கம்பாக்ட் போதும். நான் அதை வைத்துத்தான் முதல் குரூப் முடித்தேன். மாட்யூலின் பக்க எண்ணிக்கையைப் பார்த்தாலே படிக்கத் தோன்றாது.

பாலக்காட்டு அக்கா:
தம்பி சொல்வதை நான் மறுக்கவில்லை. வகுப்புக்குப் போய்ப் பாடம் கேட்டவருக்குக் கம்பாக்ட் போதும், கேட்டதை அது நினைவுபடுத்திவிடும். வீட்டில் தனியாகப் படிக்கிற பெண்ணுக்கு நினைவுபடுத்துவதற்கு முன்னால் ஒன்று புரிந்திருக்க வேண்டும். அதனால்தான் மாட்யூல் என்கிறேன்.

ஓர் உதாரணம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 96, ஆண்டுப் பொதுக்கூட்டம். சுருக்கப் புத்தகத்தில் 'நிதியாண்டு முடிந்து முதல் கூட்டம் 9 மாதத்துக்குள், பிறகு 6 மாதத்துக்குள், இரண்டுக்கும் நடுவில் 15 மாதத்துக்கு மேல் போகக் கூடாது' என்று ஓரிரு வரியில் முடிந்துவிடும். தேர்வில் கேள்வி எப்படி வரும்? புதிதாகத் தொடங்கிய கம்பெனி முதல் கூட்டத்தை 9 மாதத்துக்குள் நடத்த முடியாமல் ரெஜிஸ்ட்ராரிடம் மூன்று மாத நீட்டிப்புக் கேட்கிறது, கிடைக்குமா என்று. கிடைக்காது. மூன்று மாத நீட்டிப்பு முதல் கூட்டத்துக்குப் பொருந்தாது என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. மாட்யூலில் பிரிவை விளக்கத்தோடும் உதாரணத்தோடும் ஒரு தடவை படித்தவருக்கு இது மனதில் தங்கும். எண்களை மட்டும் மனப்பாடம் செய்தவர் 'மூன்று மாதம் கிடைக்கும்' என்று எழுதிவிட்டு வருவார். இப்போது ஒவ்வொரு பேப்பரிலும் 30 மதிப்பெண் கேஸ் சினாரியோ எம்சிக்யூ, அதாவது ஒரு சூழலைச் சொல்லி, கொடுத்த விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகள். அதுவும் இப்படிப்பட்ட இடங்களில்தான் கை வைக்கும்.

இங்கிலீஷைப் பற்றிக் கவலைப்படாதே, கண்ணு. சட்ட விடைக்கு அலங்கார இங்கிலீஷ் தேவையில்லை. முதலில் சட்டம் என்ன சொல்கிறது, அடுத்து கேள்வியில் என்ன நடந்திருக்கிறது, கடைசியில் முடிவு என்ன. மூன்றே பத்தி, சின்னச் சின்ன வாக்கியம். இன்ஸ்டிடியூட் வெளியிடும் சஜஸ்டட் ஆன்சர்ஸை எடுத்து, விடையை மூடிவைத்துவிட்டு நீயே ஒரு விடை எழுது. பிறகு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார். ஆடிட்டுக்கும் இதே வழிதான். எஸ்ஏ 230, எஸ்ஏ 500 போன்ற ஆடிட்டிங் தரநிலைகளில் மூல வாசகத்தின் முக்கியச் சொற்கள் விடையில் இருக்க வேண்டும், அவை மாட்யூலில் அப்படியே கிடைக்கும்.

கொழிஞ்சாம்பாறை மாணவி:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. அட்டைகளைப் பார்த்தேன். பேப்பர் 7, 8 இரண்டும் இருக்கின்றன, அப்படியென்றால் பழைய ஸ்கீம்தான். அப்பாவுக்கும் காட்டிவிட்டேன், ஒப்புக்கொண்டார். டாக்ஸுக்கு மட்டும் எந்தப் பதிப்பு வாங்குவது என்று தெரியவில்லை. யூடியூபில் பார்க்கும் வகுப்புகள் பெரும்பாலும் இந்தி, பாதிக்கு மேல் பிடிபடவில்லை.

பாலக்காட்டு அக்கா:
டாக்ஸுக்கு ஆசிரியர் பெயரைப் பார்த்து வாங்காதே, அட்டெம்ப்ட்டை, அதாவது நீ எழுதும் தேர்வு எந்த மாதத்தது என்பதை, பார்த்து வாங்கு. எந்த மாதம் எழுதப் போகிறாய் என்று முடிவு செய்யாமல் டாக்ஸ் புத்தகத்தைத் தொடவே கூடாது. ஒவ்வொரு அட்டெம்ப்ட்டுக்கும் எந்த ஃபைனான்ஸ் ஆக்ட் (பட்ஜெட்டோடு வரும் வரித் திருத்தச் சட்டம்) வரை பொருந்தும் என்று இன்ஸ்டிடியூட் அறிவிக்கும். இப்போது இன்னும் கவனமாக இருக்க வேண்டிய காலம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்று இரண்டாக இருந்தது ஒரே 'வரி ஆண்டு' ஆகியிருக்கிறது. உன் அட்டெம்ப்ட்டுக்கு எந்தச் சட்டம் என்று அறிவிப்பைப் படித்து உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு பதிப்பைத் தேடு. தள்ளுபடியில் கிடைக்கிறது என்று போன வருடப் புத்தகத்தை வாங்கிவிடாதே.

மாட்யூலுக்குக் காசு கொடுக்கவே தேவையில்லை. இன்ஸ்டிடியூட் தளத்தில் பிடிஎஃப் இலவசம், ஆர்டிபி என்கிற ரிவிஷன் டெஸ்ட் பேப்பரும் மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) பேப்பர்களும் அங்கேயே இருக்கின்றன. நிறையக் கணக்கு இருக்கிற அட்வான்ஸ்ட் அக்கவுண்டிங்குக்கு மட்டும் அச்சுப் புத்தகம் வாங்கு, திரையைப் பார்த்து அமால்கமேஷன் (கம்பெனிகள் இணைப்பு) கணக்குப் போடுவது கஷ்டம்.

வேலந்தாவளம் அண்ணன்:
வகுப்புக்கு ஒரு யோசனை. தமிழிலேயே தேட வேண்டும் என்று இல்லை, மலையாளத்தில் தேடிப் பாருங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காதில் கேட்டால் மலையாளம் புரியும், பாடச் சொற்கள் எல்லாம் எப்படியும் இங்கிலீஷ்தான். எனக்கு ஜிஎஸ்டி அப்படித்தான் விளங்கியது. இன்புட் டாக்ஸ் கிரெடிட், டைம் ஆஃப் சப்ளை இரண்டையும் கேட்டுவிட்டு மாட்யூலைப் படித்தால் வேகமாக நகரும்.

அப்புறம், ஒரு குரூப்பா இரண்டுமா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். பாஸ் ஆகப் பேப்பருக்கு 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். இரண்டையும் சேர்த்து எழுதினால் ஒன்றில் குறைந்ததை மற்றதில் ஈடுகட்ட வாய்ப்பு உண்டு. ஆனால் தனியாகப் படிக்கிறவர்களுக்கு முதல் குரூப்பை முதலில் எழுதுவதே நல்லது என்பது என் எண்ணம்.

கொழிஞ்சாம்பாறை மாணவி:
சரி அண்ணா, முதல் குரூப் மட்டும் எழுதுகிறேன். அப்படியானால் ஆர்டிபியை இப்போதே எடுக்கலாமா, கடைசியில் பார்த்தால் போதுமா?

பாலக்காட்டு அக்கா:
உன் அட்டெம்ப்ட்டுக்கான ஆர்டிபி தேர்வு நெருங்கும்போதுதான் வரும். வந்த அன்றே சட்டத்திலும் டாக்ஸிலும் திருத்தங்கள் இருக்கும் பகுதியை மட்டும் படித்து, மாட்யூலில் அந்தந்தப் பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துவிடு. கேள்விகளை மாட்யூல் ஒரு சுற்று முடிந்த பிறகு போடலாம். அதுவரைக்கும் முந்தைய அட்டெம்ப்ட்டுகளின் ஆர்டிபி இருக்கிறது, அக்கவுண்டிங்குக்கு 2024 மே முதல் வந்தவற்றை எடுத்துக்கொள்.